லேப்டாப் ஆன் ஆகலையா? சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

நாளைக்கு காலையில் புராஜெக்ட் சப்மிஷன். அல்லது ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்பைத் திறந்து பவர் பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்துகிறீர்கள், இந்த முறை கொஞ்சம் பலமாக. ம்ஹும். இந்தச் செய்தியை மொபைலில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு இப்போது நிலைமை இதுவாகத்தான் இருக்கும், இல்லையென்றால் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவே மாட்டீர்கள்.

முதலில் ஒரு ஆறுதல். லேப்டாப் ஆன் ஆகவில்லை என்பதும், உள்ளே இருக்கும் போட்டோக்களும் ஃபைல்களும் போய்விட்டன என்பதும் ஒன்றல்ல. சார்ஜர், பேட்டரி, ஸ்கிரீன், ரேம் இவற்றில் எது பழுதானாலும், உங்கள் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். பல நேரங்களில் டேட்டா அழிவது பழுதினால் அல்ல, பதற்றத்தில் 'சரி, ஃபார்மட் பண்ணிடுங்க' என்று நாமே சொல்லிவிடுவதால்தான்.

'ஆன் ஆகலை' என்றால் எது ஆகலை?

சர்வீஸ் கடைக்குப் போய் நாம் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "ஆன் ஆகலை." ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு பிரச்னைகள் இருக்கின்றன. லைட் எதுவுமே எரியாமல், ஃபேன் சத்தமும் இல்லாமல் கிடப்பது ஒன்று. லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனால் ஸ்கிரீன் கருப்பாகவே இருப்பது இன்னொன்று. கம்பெனி லோகோ வரைக்கும் வந்துவிட்டு விண்டோஸ் வராமல் சுற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது. முதலாவது மின்சாரப் பிரச்னை, இரண்டாவது பெரும்பாலும் ரேம் அல்லது ஸ்கிரீன், மூன்றாவது சாஃப்ட்வேர் அல்லது டிஸ்க். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

எது எரிகிறது என்று தெரியவில்லையா? கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் லைட் மாறி மாறி எரிந்து அணைந்தால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது, ஸ்கிரீனில்தான் ஏதோ வரவில்லை.

இது நடந்திருந்தால் எதையும் முயற்சி செய்யாதீங்க!

கீழே சொல்லப்போகும் எதையும் செய்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் டீ, காபி, தண்ணீர் கொட்டியிருந்தால் 'ஆன் ஆகுதா' என்று ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்காதீர்கள். ஈரத்தோடு கரன்ட் பாயும்போதுதான் மதர்போர்டு வீணாகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து, கூடாரம் போல கவிழ்த்து வைத்துவிட்டு, திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் சீக்கிரம் கொண்டு போங்கள். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பதால் பிரயோஜனம் இல்லை. டீயில் இருக்கும் பாலையும் சர்க்கரையையும் அரிசி உறிஞ்சாது, அவை உள்ளேயே காய்ந்து போர்டை அரிக்கும்.

அதேபோல டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? லேப்டாப் மூடி சரியாக மூடவில்லையா? மேசையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடுகிறதா? உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பவே கூடாது. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். கருகல் வாடை வந்தாலும் இதே கதைதான்.

லைட்டே எரியலை: சந்தேகம் முதலில் சார்ஜர் மேல்

சிரிக்காதீர்கள், முதலில் பார்க்க வேண்டியது பிளக் பாயின்ட்டின் சுவிட்சைத்தான். நம் ஊர் வீடுகளில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனி சுவிட்ச் இருப்பதால், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதாக நினைத்து சுவிட்சைப் போடாமலேயே தூங்கியவர்கள் நிறைய. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்துவிட்டு நேராக சுவர் பாயின்ட்டில் குத்துங்கள். அதே பாயின்ட்டில் மொபைல் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். அடாப்டர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே வரும் வயர் தனியாகக் கழறும். அது பெட்டிப் பக்கம் லூசாகி இருப்பது சகஜம். அழுத்திச் செருகுங்கள்.

அடுத்து, லேப்டாப்பில் செருகும் முனை. வயர் அந்த முனைக்கு அருகே மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. வயரை மெதுவாக அசைத்தால் சார்ஜ் லைட் மினுக்கினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். டெல், எச்பி லேப்டாப்களின் உருண்டை முனைக்குள் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். 'இது நம்ம சார்ஜர்தானா' என்று லேப்டாப் அதன் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தப் பின் வளைந்துவிட்டாலோ உடைந்துவிட்டாலோ கரன்ட் வந்தும் பேட்டரி சார்ஜ் ஏறாது.

நண்பரின் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் அடாப்டரின் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிட்டு. 'அவுட்புட்' என்ற இடத்தில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பது போல இருக்கும். இரண்டையும் பெருக்கினால் சுமார் 65 வாட். வோல்ட் உங்கள் சார்ஜரில் இருக்கும் அளவேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை உள்ளே நுழைந்துவிட்டது என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள்.

டைப்-சி சார்ஜர் என்றால் வேறு குழப்பம். எல்லா டைப்-சி சார்ஜரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றல்ல. லேப்டாப் பொதுவாக 20 வோல்ட் கேட்கும். சாதாரண மொபைல் சார்ஜர் 5 வோல்ட்தான் கொடுக்கும். 67 வாட் ஃபாஸ்ட் சார்ஜர் என்று போட்டிருந்தாலும், அந்த வேகம் அந்தக் கம்பெனி ஃபோனுக்கு மட்டும்தான் என்பது பல சார்ஜர்களின் நிலை. 'யுஎஸ்பி பவர் டெலிவரி' என்று குறிப்பிட்டிருக்கும், 65 வாட் சார்ஜரைத் தேடுங்கள். லேப்டாப்பில் இரண்டு டைப்-சி துளை இருந்தால் இரண்டிலும் செருகிப் பாருங்கள். சில மாடல்களில் ஒன்றில்தான் சார்ஜ் ஏறும்.

மாதக்கணக்கில் எடுக்காமல் பீரோவில் கிடந்த லேப்டாப்பா? பேட்டரி அடியோடு காலியாகியிருக்கும். சார்ஜர் போட்டவுடன் பட்டனை அழுத்தி 'வரலையே' என்று முடிவு கட்டாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப வருஷங்களில் வாங்கிய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தக் காலத்து லேப்டாப்களில் பேட்டரியைப் பின்பக்கம் தனியாகக் கழற்ற முடியும் என்றால், கழற்றி வைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஆன் செய்து பாருங்கள். பேட்டரி செத்திருந்தாலும் பெரும்பாலான லேப்டாப்கள் சார்ஜரிலேயே ஓடும். தேதி 2010 என்று காட்டி 'எஃப்1 அழுத்து' என்று நின்றால் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

30 விநாடி வைத்தியம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பென்டிரைவ், மவுஸ் ரிசீவர், எச்டிஎம்ஐ வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மனதுக்குள் 30 வரை எண்ணுங்கள். விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி, சாதாரணமாக ஒரு தடவை அழுத்துங்கள்.

மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. பவர் பட்டன், பேட்டரி, ஃபேன், மூடி எல்லாவற்றையும் கவனிக்க மதர்போர்டில் ஒரு தனி சிப் இருக்கிறது. லேப்டாப் ஆஃபில் இருக்கும்போதும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கும். நம் மொபைல் ஹேங் ஆவதுபோல அதுவும் சில நேரம் ஹேங் ஆகும். வாட்ச்மேன் தூங்கிவிட்டால் வெளியே இருந்து எவ்வளவு பெல் அடித்தாலும் கதவு திறக்காது இல்லையா, அதுதான். மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடியவிட்டால் அது புதிதாக எழுந்துகொள்ளும்.

பேட்டரி உள்ளேயே இருக்கும் மெல்லிய லேப்டாப்களிலும் இப்படி நீளமாக அழுத்துவது பல மாடல்களில் வேலை செய்யும். சில திங்க்பேட் மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கத்தில் குண்டூசித் துளை ஒன்று உண்டு. மேக்புக் வைத்திருப்பவர்கள் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்திப் பாருங்கள்.

லைட் எரியுது, ஸ்கிரீன் கருப்பு

லேப்டாப் தூக்கத்தில் இருந்து எழாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். மேலே சொன்ன 30 விநாடி வைத்தியமே இதற்கும் மருந்து. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் கருப்பானால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். பிரைட்னஸ் பட்டனையும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

அறையின் லைட்டை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால், லேப்டாப் நன்றாக ஓடுகிறது, ஸ்கிரீனின் பின்விளக்கு மட்டும்தான் அவுட். எச்டிஎம்ஐ வயரில் வீட்டு டிவியை இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் உடனே ஃபைல்களை காப்பி எடுத்துவிட்டு, ஸ்கிரீன் ரிப்பேரை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விநோதமான காரணம்: காந்தம். மூடி மூடியிருக்கிறதா என்பதை பல லேப்டாப்கள் காந்த சென்சார் மூலம்தான் தெரிந்துகொள்கின்றன. காந்தம் வைத்த மொபைல் கவரோ, வாட்ச் ஸ்ட்ராப்போ, கீழே இன்னொரு லேப்டாப்போ இருந்தால் 'மூடிட்டாங்க போல' என்று நினைத்து ஸ்கிரீனை அணைத்துவிடும். தள்ளி வைத்துப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் சந்தேகம் ரேம் மேல் போகும். அதற்கு முன் லைட்டைக் கவனியுங்கள். எச்பி லேப்டாப்பில் கேப்ஸ் லாக் லைட் ஒரு கணக்கோடு மினுக்கும். டெல்லில் பேட்டரி லைட் ஆரஞ்சும் வெள்ளையுமாக மாறி மாறி மினுக்கும். சில லேப்டாப்கள் 'பீப் பீப்' என்று சத்தம் போடும். அது தன் நோயைத் தானே சொல்லும் பாஷை. மொபைலில் வீடியோ எடுத்து, எத்தனை தடவை எந்தக் கலரில் மினுக்கியது என்று எண்ணி, உங்கள் மாடல் பெயரோடு கம்பெனி சப்போர்ட் பக்கத்தில் தேடினால் எந்தப் பாகம் என்று கிடைத்துவிடும். கடைக்குப் போனாலும் இந்த வீடியோ உதவும்.

ரேமைக் கழற்றி, தங்க நிறக் கோடுகளை பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் பரம்பரை வைத்தியம். வேலை செய்யுமா? செய்யும், நிறைய தடவை. கோடுகளில் படிந்த அழுக்கும் களிம்பும் போய்விடும். ஆனால் பல நேரம் தேய்க்கவே வேண்டியதில்லை, கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டினாலே போதும். தேய்த்தால் மென்மையாக, ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வாரன்டி இருக்கும் லேப்டாப்பையும், ரேம் போர்டோடு சேர்ந்தே வரும் மெல்லிய மாடல்களையும் வீட்டில் திறக்க வேண்டாம். டிடிஆர்5 ரேம் என்றால் கழற்றி மாட்டியபின் முதல் தடவை சில நிமிஷம் ஸ்கிரீன் கருப்பாகவே இருக்கலாம். ரேமை அது பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு ஆஃப் செய்துவிடாதீர்கள்.

லோகோ வருது, விண்டோஸ் வரலை

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீனில் நின்றன, விமானங்கள் ரத்தாயின, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது. அத்தனையும் 'ஆன் ஆகாத' கம்ப்யூட்டர்கள், ஆனால் ஒன்றில்கூட அந்தச் சம்பவத்துக்காக பார்ட்ஸ் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு தவறான அப்டேட் ஃபைல்தான் காரணம். சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழித்ததும் எழுந்துகொண்டன.

உங்கள் லேப்டாப்பிலும் இப்படி நடக்கலாம். முதலில் பென்டிரைவ், மெமரி கார்டு செருகியிருக்கிறதா பாருங்கள். அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும். அடுத்து, லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் ஸ்கிரீனுக்கு வரும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சேஃப் மோட் என்று வரிசையாக முயற்சி செய்யுங்கள். 'ரீசெட் திஸ் பிசி' கடைசி ஆயுதம். அதற்குள் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று ஒன்று இருக்கும், பேக்கப் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

'பூட் டிவைஸ் இல்லை' என்று எழுதிக் காட்டினால், ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது எச்பி என்றால் எஃப்10 தட்டி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிந்தால் பிரச்னை விண்டோஸில். தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டி லூசாகியிருக்கலாம் அல்லது செத்திருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அப்போதே நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் சேதம் கூடும். அதற்குள் இருக்கும் ஃபைல்கள் முக்கியமென்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

48 இலக்க சாவி: பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்

இது பலருக்குத் தெரியாது, தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்த விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், உங்கள் ஃபைல்கள் எல்லாம் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். லேப்டாப் தொலைந்தால் திருடன் படிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலோ, ரிப்பேர் ஸ்கிரீனுக்குப் போனாலோ, 'பிட்லாக்கர் ரெகவரி கீ' என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் கடைக்காரர் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டாலும் திறக்க முடியாது.

இப்போதே மொபைலில், லேப்டாப்புக்குப் பயன்படுத்திய அதே மெயில் ஐடியில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, டிவைஸ் பகுதியில் ரெகவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நோட்டில் எழுதி வையுங்கள். ஆபீஸ் அல்லது காலேஜ் மெயிலில் செட்டப் செய்ததாக இருந்தால் அங்கே இருக்கும் ஐடி டீமிடம் கேட்க வேண்டும்.

சாவி கையில் இருந்தால், லேப்டாப் செத்தே போனாலும் ஃபைல்களை எடுக்கலாம். எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டால் பென்டிரைவ் மாதிரி வேறு கம்ப்யூட்டரில் திறக்கும். கேஸ் வாங்கும்போது உங்கள் எஸ்எஸ்டி எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். புதிய மேக்புக்குகளிலும், குறைந்த விலை லேப்டாப்கள் சிலவற்றிலும் ஸ்டோரேஜ் போர்டோடு ஒட்டியே வரும். அதில் இந்த வழி கிடையாது, போர்டை உயிர்ப்பித்தால்தான் உண்டு.

கடைக்குப் போகிறீர்களா?

போவதற்கு முன் பில்லை எடுத்து வாரன்டி தேதியைப் பாருங்கள். வாரன்டி இருந்தால் வெளிக் கடையில் திறக்கவே விடாதீர்கள். "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், "லைட் எரியுது, டிஸ்பிளே வரலை, டிவியிலயும் வரலை" என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் அடுத்த கேள்வி கேட்பார்.

"மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் வந்தால் அதோடு தலையாட்ட வேண்டாம். எந்த இடத்தில் பழுது, சிப் லெவலில் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒரு சின்ன ஷார்ட் சர்க்யூட்டால் முழு போர்டும் செத்ததுபோலக் கிடப்பது உண்டு. அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் டெக்னீஷியன்கள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, பெரும்பாலான நகரங்களில் இருக்கிறார்கள். போர்டு மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள்.

டேட்டாவை என்னைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பதை வாயால் சொல்லாமல் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். பல சர்வீஸ் படிவங்களில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்ற வரி ஏற்கனவே அச்சாகியிருக்கும், கையெழுத்துக்கு முன் படியுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்ற முடிந்தால், அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு லேப்டாப்பை மட்டும் விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது. பவர், டிஸ்பிளே பழுது பார்க்க உங்கள் போட்டோக்கள் தேவையில்லை.

கொடுத்த லேப்டாப் திரும்பி வராமல் இழுத்தடித்தாலோ, சொன்ன தொகைக்கு மேல் கேட்டாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். அதற்கு ஜாப் ஷீட்டும், எழுத்தில் வாங்கிய எஸ்டிமேட்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டையும் மொபைலில் போட்டோ எடுத்த பிறகு கடையை விட்டுக் கிளம்புங்கள்.